இவோனில்தா பலாமரத்தில் ஏறிய சனிக்கிழமைகள்

கரும்பு ஆலையிலிருந்து ஆட்கள் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இவோனில்தா அத்தை காப்பி கொடுத்தாள். நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது அவளுடைய அப்பா விட்டுப்போன நிலம். வீடு, மரவள்ளிக் கொல்லை, அதற்குப் பின்னால் சரிவில் இறங்கும் ஒரு துண்டுக் காடு, காட்டுக்கு அடியில் ஓர் ஊற்று. அவ்வளவுதான். சுற்றிலும் கரும்பு. சாலையிலிருந்து பார்த்தால் சரியாக மழிக்காமல் விட்ட தலையில் நிற்கும் ஒரு குடுமி மாதிரி அந்தக் காடு தெரியும்.

அத்தை என்று சொல்வது பழக்கத்தால்தான். உறவு கிடையாது. என் தங்கை ராயானிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் அவள். எங்கள் பக்கத்தில் ஞானத்தாய் என்றால் பெற்றவளுக்கு அடுத்த இடம். அதனால்தான் அந்த டிசம்பரில் நடந்தது எங்கள் வீட்டை அப்படி உலுக்கியது.

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, மசெயோ நகரத்துக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த வருடம் அது. நகரத்தில் இருக்கும் என் சிநேகிதிகளிடம் இதைச் சொன்னால், "ஒரு குருவிக்காகவா?" என்று சிரிக்கிறார்கள். அதனால்தான் முழுக்க எழுதுகிறேன்.

இவோனில்தா அத்தை கரும்பு வெட்டுகிறவள். ஒல்லியான உடம்பு. கரும்புத் தோகை கிழித்த கோடுகள் முழங்கை வரை இருக்கும். புருஷன் தமியோன் சாவோ பாவுலோவில் கட்டட வேலை. ஜூன் மாதத் திருவிழாவுக்கு வந்து, சோளம் சுட்டுத் தின்று, நடனமாடிவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டு மகன்களும் அவரோடு போய்விட்டார்கள். "வீட்ல ஆம்பளை இல்லாம எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டால், "இருந்தப்ப மட்டும் என்ன, அவரா தண்ணி தூக்கினாரு?" என்பாள்.

வெட்டு இல்லாத மாதங்களில் மரவள்ளி சீவுவாள், பலா இறக்குவாள். எங்கள் ஊரில் பலாமரம் ஏறுகிற பெண் அவள் ஒருத்திதான். ஊற்றுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கிழட்டுப் பலா இருக்கிறது. கிளையெல்லாம் கிரவட்டாச் செடி. அன்னாசியின் தலைக்கொண்டை போல இலைகள் விரிந்து, மரக்கிளையிலேயே ஒட்டி வாழும் செடி அது. நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்து, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வர்ணக்காரன் என்கிற குருவி கூடு கட்டுவது அதற்குள்தான்.

வர்ணக்காரனைக் கூண்டில் பார்த்தவர்கள்தான் அதிகம். தலையும் தாடையும் மரகதமும் நீலமும் கலந்த நிறம். கண்ணோரத்திலும் தொண்டையிலும் மை தடவியது போலக் கருப்பு. வயிறு அடர் நீலம். முதுகின் பின்பாதி மட்டும் பழுத்த பப்பாளிக் கீற்று மாதிரி எரியும். இவ்வளவு அலங்காரம் இருந்தும் குரல் ஒன்றுமில்லை. மெல்லிய ஊசிபோல ஒரு கீச்சு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆண்கள் கூண்டுகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, குழந்தையை உலாத்துவது போலத் தங்கள் பறவைகளை உலாத்தக் கூட்டிப்போவார்கள். யாருடையது நன்றாகப் பாடுகிறது என்று பந்தயமும் நடக்கும். அங்கே வர்ணக்காரனுக்கு மதிப்பில்லை. ஆனாலும் வீட்டு முகப்பில் தொங்கவிட அதைவிட அழகானது எது?

அத்தையின் அப்பா அதைப் பிடித்து விற்றவர். பலாப் பாலைக் காய்ச்சிக் குச்சியில் தடவி, பக்கத்தில் பப்பாளியைக் கட்டி வைத்தால் போதும், கூட்டமாக வந்து உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாலைக் காய்ச்சியது சின்ன வயது இவோனில்தாதான். அவளுக்கென்று ஒன்றைக் கூண்டில் வைத்திருந்தாள். வாழைப்பழமும் சோளமாவும் கொடுத்தாள். சில மாதங்களில் முதுகின் ஆரஞ்சு மங்கி, வெளுத்த மஞ்சளாகிவிட்டது. காட்டுப் பழங்களும் பூச்சிகளும் கிடைக்காவிட்டால் அந்த நிறம் நிற்காது. "துவைக்காமலே சாயம் போச்சுடி அதுக்கு," என்று எங்களிடம் சொல்வாள். "அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன், இனிமே பால் காய்ச்ச மாட்டேன்னு. முதுகுல நாலு விழுந்துச்சு. காய்ச்சலையே."

பிறகு அந்தப் பலாவில் குடியிருந்த வர்ணக்காரன்களை அவள் 'என் வாடகைக்காரங்க' என்றுதான் சொல்வாள். "வாடகை என்னத்தை தர்றாங்க?" என்று கேட்டால், "என் காட்டுக்கு விதை போடுறாங்களே, உன் வீட்டுக்காரன் போடுவானா?" என்பாள். அது உண்மைதான். சின்னச் சின்னக் கருநீலப் பழங்களை முழுசாக விழுங்கிவிட்டு, வேறு கிளையில் போய் எச்சம் போடும். அந்த இடத்திலேயே அதே செடி முளைத்துக்கொண்டு வரும்.

நவம்பர் கடைசியில் ராயானிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. மூக்கில் ரத்தம் வந்த அன்று பக்கத்து ஊர்க்காரரின் வண்டியில் போட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா அவள் கட்டிலுக்குக் கீழே அட்டை விரித்துப் படுத்திருந்தாள். அத்தை கரும்பு வெட்டி முடித்து, தோகை எரித்த கரி பூசிய முகத்தோடு பஸ் ஏறி வருவாள், ராயானியின் கால்களைப் பிடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். தங்கை பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவளுடைய செருப்பு அவளுக்கே பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, தேவாலய வாசலில் ஜெனிவால் மாமா கையைத் தட்டிக் கூட்டத்தைக் கூப்பிட்டார். ஊர்க் காரியங்களை முன்னால் நின்று செய்கிறவர் அவர். "வர்ற சனிக்கிழமை கூட்டுவேலை. மரத்துல ஒரு கிரவட்டா விடக்கூடாது. கொசு பூராவும் அதுக்குள்ளதான் பொரிக்குது. மேட்டுத் தெருக்காரங்க போன வாரமே வழிச்சு எறிஞ்சுட்டாங்க. நாம ஊத்துப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் கூட்டுவேலைக்கு வராதவன் வீட்டுக்கு, அவன் கூரை விழுந்தாலும் ஒருவரும் போகமாட்டார்கள்.

அத்தை மட்டும், "என் பலாவுல குஞ்சு இருக்கு," என்றாள்.

"என்ன குஞ்சு?"

"வர்ணக்காரன். இப்பதான் பொரிச்சிருக்கு. பறந்து போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

சில பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க்கா, உனக்குக் கண்ணு இருக்கா? உன் ஞானப்பொண்ணு எலும்பும் தோலுமா கிடக்கா. நீ குருவிக்குஞ்சுக்குப் பஞ்சாயத்து பண்றியா?"

"அவளுக்காக நான் உயிரையே குடுப்பேன், சுலெய்தே. உனக்கே தெரியும்."

"உயிரு வேணாம். அந்தச் செடியைக் குடு."

"அந்தச் செடியை வெட்டினா காய்ச்சல் போயிடும்னு யாரு சொன்னா? ஜெனிவாலா? அவன் கோழிக்கு வந்த சீக்கைக்கூட கண்டுபிடிக்கலையே."

"இருக்கோ இல்லையோ, ஒரு கொசு அதுலேருந்து வந்துச்சுன்னா?" அம்மா அத்தையின் தோளை இன்னும் விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு, அக்கா. ஒண்ணு போதுமே."

அந்த வாரம் முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ராயானிக்காக அத்தை கொடுத்தனுப்பிய பப்பாளியை அம்மா எங்கள் பன்றிக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அத்தை வீடு வீடாகப் போனாள். "நாளைக்குச் சோறு என் வீட்ல," என்று மட்டும் சொன்னாள். உப்புக்கண்டம் போட்ட பயறும் மரவள்ளி மாவும் என்று கேட்டதும் எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள். ஜெனிவால் மாமாவும்தான். அவர் செய்த தப்பு அதுதான். எங்கள் ஊர்க் கூட்டுவேலையில் யார் வீட்டு அடுப்பில் பானை ஏறுகிறதோ, அவர்தான் அன்றைய வேலையைச் சொல்லவேண்டும். எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து ஒருவரும் மாற்றாத வழக்கம்.

சனிக்கிழமை காலையில் வெட்டுக்கத்திகளோடு ஊற்றுக்குப் போனோம். அத்தை முன்னாலேயே வந்து பலாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். மரத்தடியில் ஒரு வெள்ளைத் தட்டு; கையில் ஒரு கரண்டி, ஒரு ரப்பர் குழாய். மோட்டார் பைக்கிலிருந்து பெட்ரோல் இழுக்க வைத்திருப்பார்களே, அந்தக் குழாய்.

"இறங்கு நில்தா," என்றார் ஜெனிவால் மாமா. "வெயில் ஏறுது."

"பானை யார் வீட்ல?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பின்னால் யாரோ, "மாட்டினாரு," என்று சிரித்தார்கள்.

"பானை என் வீட்ல. வேலை நான் சொல்றேன்," என்றாள் அத்தை மேலிருந்து. "கொசுப்புழு தேடுறதுதான் இன்னைக்கு வேலை. ஊர்ல தண்ணி நிக்கிற ஒரு இடம் விடாம பாக்கணும். முதல்ல என் மரத்தையே பாருங்க. சுலெய்தே, அந்த வெள்ளைத் தட்டை எடுத்துக்கிட்டு கீழ வந்து நில்லு."

அம்மா நகரவில்லை. பிறகு எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு கிளைக்கு அடியில் போய் நின்றாள்.

முதல் கிரவட்டாவிலிருந்து அத்தை ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். மக்கிய இலைகளோடு ஒரு சின்னத் தவளை தட்டில் விழுந்து, அங்கிருந்து ஜெனிவால் மாமாவின் சட்டைக்குள் குதித்தது. அவர் ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் அம்மா தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். சிரிப்பு நின்றது.

மெல்லிய நூல்துண்டுகள் போல நான்கைந்து புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"பாத்தியா?" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாத்தியாக்கா?"

கூட்டுக்காரத் தாய்ப்பறவை பக்கத்துக் கிளையில், அலகில் ஒரு வெட்டுக்கிளியோடு, ஊசிக்குரலில் கத்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துப் பயந்து கூட்டுக்குப் போகவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் தத்தித் தத்தி நின்றது.

"இருக்கு," என்றாள் அத்தை. "டெங்குக் கொசுவா வேற கொசுவா, எனக்குத் தெரியாது. இல்லைன்னு சாதிக்க மாட்டேன்."

"அப்ப வெட்டிடலாமா?" என்றார் ஜெனிவால் மாமா.

"வெட்ட வேண்டாம். தண்ணியை எடுத்துடுறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறி, ஒவ்வொண்ணையும் காலி பண்றேன். புழு கொசுவாகுறதுக்குள்ள காலி பண்ணிட்டா போதுமில்ல? குஞ்சு பறக்குற வரைக்கும்."

"கூடு இருக்கிற செடியை?" என்றாள் அம்மா.

அத்தை ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினாள். கூட்டைத் தொடாமல் அதன் ஓரத்து இலையிடுக்கில் குழாயை இறக்கி, வாயால் இழுத்தாள். அந்த அழுகல் தண்ணீர் வாய்க்குள் வந்ததும் முகம் கோணிப்போய்த் துப்பினாள். மறுபடியும் இழுத்தாள். கீழே தட்டில் சொட்டியது.

"ருசி எப்படி, நில்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உன் பொண்டாட்டி போடுற காப்பியை விடத் தேவலை."

அம்மா தட்டைக் கீழே கவிழ்த்தாள். "ஒரு சனிக்கிழமை தவறினாலும் நானே வந்து வெட்டுவேன்," என்றாள்.

"வெட்டிக்கோ."

பிறகு அதே தட்டோடு ஊர் முழுக்கப் போனோம். தவலைகள், டயர்கள், ஆட்டுத் தொட்டிகள், உடைந்த சிலுவைக்கடியில் பூ வைத்த தகரடப்பாக்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை அத்தை கைகாட்டவில்லை. அம்மாவே மூடியை விலக்கிக் கரண்டியை விட்டாள். தட்டு முழுக்கப் புழு. ராயானி படுக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது அந்த டிரம்.

ஜெனிவால் மாமாகூட வேறு பக்கம் பார்த்தார். அம்மா டிரம்மை உதைத்துத் தள்ளினாள். தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என் வீட்டுலயும் இருந்துச்சு, சுலெய்தே. காலையில நான்தான் முதல்ல கொட்டினேன்," என்றாள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இருவரும் எழுந்துபோய்ப் பயறு பரிமாறினார்கள்.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அம்மா அதை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் போய் இடுப்பில் கை வைத்து நிற்பாள். அத்தை ஏறுவாள். ஒன்றுவிடாமல் காலி செய்வாள். "அந்த மூலையில ஒண்ணை விட்டுட்டே." "அது காய்ஞ்சதுடி, குருடி." இப்படியே போனது. கரும்பு வெட்டிய கையோடு, முதுகு ஒடிய ஏறினாள். குஞ்சுகளின் வாய் மட்டும் இலைகளுக்கு மேல் தெரியும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பழத்தையும் புழுவையும் கொண்டுவந்து அடைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். பெண்ணின் சாயம் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான்.

ஜனவரி பிறந்ததும் இடியோடு ஒரு மழை. கிரவட்டாக்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. மறுநாள் சனிக்கிழமை. ஈரமான பலாப்பட்டையில் அத்தையின் கால் வழுக்கியது. முதல் கிளைக்குக்கூடப் போகவில்லை. விழுந்து எழுந்தபோது வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அப்படியே இடது கையால் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறப் பார்த்தாள். முடியவில்லை. இறங்கி, மறுபடி பார்த்தாள்.

விஷயம் தெரிந்து ஜெனிவால் மாமாவும் இன்னும் சில பேரும் வந்துவிட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. "பேச்சுன்னா பேச்சுதான், நில்தா," என்றார். கையில் கத்தி இருந்தது. "மழைத் தண்ணி நிக்குது. இனிமே காத்திருக்க முடியாது."

"இன்னும் இருட்டலையே," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை இன்னும் முடியலை. அக்கா வீட்டு ஏணியைக் கொண்டாந்து பிடி, ஜெனிவால்."

"நீயா? ஸ்டூல் மேல ஏறவே தலை சுத்தும் உனக்கு."

"அதான் பிடின்னேன். கத்தியைக் கீழ போட்டுட்டுப் பிடி."

அம்மா ஏறியதை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டாள். கீழிருந்து அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "இடது கால், இடது கால்! அது வலதுடி! பெத்த பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டவதானே நீ?" "வாயை மூடுக்கா, விழுந்தா உன் மேலதான் விழுவேன்!" தாய்ப்பறவை அம்மாவின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. "ஐயோ போம்மா, உன் வீட்டு வேலையைத்தானே செய்யறேன்," என்று அம்மா அதனிடம் கெஞ்சினாள். கூட்டுச் செடிக்கு வந்ததும் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தபடி இருந்தாள். பிறகு குழாயை வாயில் வைத்து இழுத்துத் துப்பினாள். அந்தி சாய்வதற்குள் எல்லாம் காலி.

இறங்கியதும் மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். "என்ன பாத்தே?" என்று கேட்டேன்.

"வாயைத் திறந்துக்கிட்டு என்னையே பாக்குதுங்க. நானும் ஏதோ கொண்டாந்திருக்கேன்னு," என்றாள்.

சில நாட்களில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வந்தன. ஊரே பார்க்க வந்தது. இத்தனை சண்டைக்குக் காரணமான அழகிகளை யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? கிளையில் ஒட்டிக்கொண்டு மூன்று உருண்டைகள் உட்கார்ந்திருந்தன. மங்கலான சாம்பல், கொஞ்சம் பாசிப் பச்சை. முதுகில் ஆரஞ்சு என்று சொல்ல ஒன்றுமில்லை. நிறமெல்லாம் பின்னால்தான் ஏறும்.

"இதுக்கா?" என்றார் ஜெனிவால் மாமா. "இந்த நனைஞ்ச பஞ்சுக்கா இவ்வளவு கூத்து?"

"உன் பிள்ளைங்க பொறந்தப்ப நான்தான் பாத்தேன். எலி மாதிரி இருந்துச்சுங்க," என்றாள் அத்தை. "யாராவது தூக்கி எறிஞ்சாங்களா?"

அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, கத்தியால் மரத்தைச் சுட்டினார். "சரி. குஞ்சு பறந்தாச்சு. பேசினபடி அடுத்த கூட்டுவேலையில வழிச்சிடலாம்."

அத்தை கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பேசினது அவள்தான். மீறமாட்டாள். வேறு வழி தேடிக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் ராயானி என் கையை விட்டுவிட்டு முன்னால் போய், "அடுத்த முட்டையை எங்க வைக்கும்?" என்று கேட்டாள். அவரைத்தான் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"அடுத்த கூட்டுவேலை எப்போ?" என்று அம்மா கேட்டாள்.

"சனிக்கிழமை."

"அன்னைக்குப் பானை என் வீட்ல," என்றாள் அம்மா. "மரம் ஏறத் தெரிஞ்சவங்க வயிறு காலியா வாங்க. கரண்டியும் குழாயும் கொண்டாங்க. கத்தி வேண்டாம்."

ஜெனிவால் மாமா அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "பயறுல உப்புக்கண்டம் இருக்குமா?" என்றார்.

"ஏறினவங்களுக்கு இருக்கும்."